அரைஞாண் கயிற்றில் ஒரு ஜிபிஎஸ்

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதைக் கடந்த சுமார் ஆயிரம் பேரை, சிஎம்சி மருத்துவர் கே.எஸ்.ஜேக்கப் குழுவினர் வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்தார்கள். '10/66' என்ற பன்னாட்டு ஆய்வின் ஒரு பகுதி அது. டிமென்ஷியா எனும் மறதி நோய், வழக்கமான அமெரிக்க அளவுகோலின்படி ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 10/66 ஆய்வின் சொந்த அளவுகோலில் அதே மக்களிடம் 10.6 சதவீதம்!

அமெரிக்க அளவுகோலின்படி, நோயால் அன்றாட வாழ்க்கை தடுமாறியிருக்க வேண்டும். வீட்டாரைக் கேட்டாலோ, 'வயசானா அப்படித்தான்' என்றுவிடுவார்கள். சோறு போட்டுக் கையில் கொடுக்கவும், வாசலைத் தாண்டினால் 'எங்க தாத்தா கிளம்பிட்டீங்க?' என்று கேட்கவும் ஆள் இருந்தால் தடுமாற்றம் வெளியே தெரியாது.

அந்த ஆள் இப்போது காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார். ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவு பெண்களை நம்பித்தான் ஓடுகிறது. பெரியவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழி தெரியாத வீடுகள் உண்டு. அடுப்படியில் தீப்பிடித்தால் சாவி கம்பெனியில் இருக்கும். கண்காணிப்புக் கருவிகளைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதே இந்தப் பூட்டால்தான்.

மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் அதை ஒட்டிய என்டோரைனல் கார்டெக்ஸும் நமக்கு வழி சொல்பவை. இதைக் கண்டறிந்த ஜான் ஓ'கீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அல்ஸைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களும் இவைதாம். அதனால்தான் பழகிய தெருவே திடீரென்று அந்நியமாகிறது. ஆனாலும் நோயாளிகள் பெரும்பாலும் காரணமில்லாமல் கிளம்புவதில்லை. முப்பது வருஷம் தோல் தொழிற்சாலைக்குப் போனவர், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவார். போகும்போது எதிலாவது சிக்கி நிற்கும்வரை நடந்துகொண்டே இருப்பார்கள் என்கிறார்கள், காணாமல் போனவர்களைத் தேடும் துறையினர். எனவே முதலில் பக்கத்து முட்புதரையும் கால்வாயையும் பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும் என்று நம்பாதீர்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸை ஒட்டியே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. மெதுவாக நடக்கும் முதியவரும் ஒரு நிமிடத்தில் ஐம்பது மீட்டர் கடந்துவிடுவார். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் சொல்லும்படி ஜிபிஎஸ் கருவியை வைத்தால், அடுத்த தகவல் வருவதற்குள் அவர் அரை கிலோமீட்டர் தள்ளி, ஒருவேளை லாரிகளுக்கு நடுவே இருப்பார். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் பேட்டரி சீக்கிரம் தீரும்; தினமும் சார்ஜ் போட ஆள் வேண்டும்.

இன்னொரு சிக்கல், கான்கிரீட் கூரை. ஜிபிஎஸ் இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் தேவை. வெட்டவெளியில் சில மீட்டர் துல்லியம் கிடைக்கும். வீட்டுக்குள் சிக்னல் மங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைச் சர்வீஸ் ரோட்டில் காட்டும். வெளியே போய்விட்டதாக நாலு தடவை பொய் அலாரம் அடித்தால் வீட்டார் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். ஐந்தாவது தடவை நிஜமாக இருக்கும்.

ஆகவே என் ஓட்டு முதலில் கதவு சென்சாருக்கு. நிலையில் சிறு சுவிட்ச், கதவில் ஒரு காந்தம். கதவு திறந்ததும் காந்தம் விலகி, அலாரம் அடிக்கும். விலையும் குறைவு, உடம்பில் எதையும் மாட்ட வேண்டாம். ஜிபிஎஸ் அதற்கு அடுத்த காவல். புதுக் கைக்கடிகாரம் கட்டினால் கழற்றி எறிபவர்கூட, ஐம்பது வருஷமாக இடுப்பில் கிடக்கும் அரைஞாண் கயிற்றைத் தொட மாட்டார். சிறிய கருவியானால் அதிலேயே துணிப்பை தைத்துக் கோக்கலாம். ஜப்பானில் இருமா நகராட்சி, 2016இல் நகத்தில் ஒட்டும் க்யூஆர் ஸ்டிக்கரையே கொடுத்தது. மறதி நோயுள்ளவர்கள் ஒரே ஆண்டில், 2023இல், 19,039 பேர் காணாமல் போனதாகப் புகார் பதிவான நாடு அது.

நோயின் தொடக்கத்திலேயே அவரிடம் கேட்டுவிட வேண்டும்: 'அப்பா, நீங்க எங்க இருக்கீங்கனு எங்க போன்ல தெரியும். மாட்டிக்கலாமா?' புரிந்து பதில் சொல்லும் காலம் அதுதான். யார் பார்ப்பது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

வீட்டில் ஆளில்லாதபோது அலாரம் யார் போனுக்குப் போகிறது என்பதும் முக்கியம். தையல் மெஷின் முன்னால் இருக்கும் மருமகளால் போனை எடுக்க முடியாது; எடுத்தாலும் ஆம்பூரிலிருந்து வந்து சேர ஒரு மணி நேரமாகும். பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணை முதலில் பதியுங்கள். அடுத்து தெருமுனை மளிகைக்கடை, அதற்கடுத்து ஆட்டோ ஸ்டாண்ட். மருமகள் எண் நான்காவதாக இருக்கட்டும்.