சேற்றில் கழியும் குளிர்காலம்

ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமாக வாழும் நமக்குப் போட்டிகளற்ற பருவம் என்பது புதிதாகத் தோன்றலாம். ஐரோப்பாவில் சாலை சைக்கிளோட்டப் போட்டிகள் அக்டோபரில் ஓய்ந்துவிடும். அதன்பின் சில வாரங்களுக்குப் பல வீரர்கள் சைக்கிளைத் தொடுவதே இல்லை. அந்த ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

பிறகு சிலர் வெயில் தேடி ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குச் செல்கிறார்கள். சிலர் வீட்டுக்குள் நிலையாகப் பொருத்திய சைக்கிளை, திரையைப் பார்த்தபடி மிதிக்கிறார்கள். பெல்ஜியம், நெதர்லாந்து வீரர்கள் சிலரோ வேண்டுமென்றே சேற்றில் இறங்குகிறார்கள்.

‘சைக்கிளோகிராஸ்’ எனப்படும் அந்தப் போட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் தொடக்கத்திலிருந்தே முழுவேகம். சாலைப் போட்டியைப்போல் சக்தியைச் சேமித்து வைக்க வழியில்லை. புல்வெளி, மணல், செங்குத்தான மேடு எனப் பாதை வளையும். மிதிக்க முடியாத இடத்தில் குதித்திறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவேண்டும். சேறு அப்பிவிட்டால் வேறு சைக்கிளுக்கு மாறலாம். உதவியாளர்கள் பழையதைக் கழுவி, அடுத்த சுற்றுக்குத் தயாராக வைத்திருப்பார்கள்.

மோசமாக விழுந்தால் வசந்தகாலப் போட்டிகளே கைநழுவலாம். ஆனாலும் சக்கரம் வழுக்கும்போது பதறாமல் திருப்பும் பழக்கம் இங்குதான் வருகிறது.

நெதர்லாந்தின் மேத்யூ வான் டெர் பூல் 2023 பிப்ரவரியில் சைக்கிளோகிராஸ் உலக வெற்றியாளரானார். அதே ஆகஸ்ட்டில் கிளாஸ்கோவில், 271 கிலோமீட்டர் சாலைப் போட்டியில் முன்னணியில் சென்றவர், ஈரமான வளைவொன்றில் சறுக்கி விழுந்தார். எழுந்தார், மீண்டும் மிதித்தார், அந்த உலகப் பட்டத்தையும் வென்றார்.