கட்டிடக்கலை நிபுணராவது எங்ஙனம்?

தென்காசியை நெருங்குவோர் கண்களை முதலிற் கவர்வது காசி விசுவநாதர் ஆலயத்தின் ஒன்பது நிலைக் கோபுரமாம். பதினைந்தாம் நூற்றாண்டில் இவ்வாலயத்தை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இது பழுதுறின் செப்பனிடுவோரைத் தான் வணங்குவதாகக் கல்லில் வெட்டுவித்தான். நெடுங்காலம் பிளவுண்டு நின்ற கோபுரம் 1990-ஆம் ஆண்டிலேயே புதுப்பொலிவு பெற்றது. கட்டுவோருக்கு அரசன் அளித்த பெருமதிப்பு இதனால் விளங்கும். அத்தொழிலுக்குரியார் ஆவது எவ்வாறென்பதை ஈண்டு ஆராய்வோம்.

முற்காலத்தில் ஸ்தபதியர் தந்தையிடம் மைந்தராய் இக்கலையைப் பயின்றனர். அம்மரபைப் பேணவே 1957-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பக் கலாசாலை நிறுவப்பெற்றது. மற்றொரு வழி சர்வகலாசாலை வழியாகும். பள்ளியிறுதி வகுப்பில் கணிதமும் பௌதிகமும் பயின்ற மாணாக்கர் 'நாட்டா' என்னும் தேர்வை எழுதல் வேண்டும். நம் மாகாணக் கலந்தாய்வில் அத்தேர்வின் மதிப்பெண்ணும் பள்ளி மதிப்பெண்ணும் சரிபாதியாகக் கொள்ளப்படும். பின்னர் ஐந்தாண்டு 'பி.ஆர்க்.' படிப்பு, அதனுள் ஓர் அரையாண்டு தொழில் நிபுணரிடம் நேரிற் பயிற்சி. பட்டம் பெற்றோர் 1972-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவுசெய்து கொண்ட பின்னரே 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பெயரைத் தாங்கலாம்.

சித்திரம் எழுதுந்திறன் ஒன்றே இதற்குப் போதுமென்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். அஃது பிழையாம். குற்றாலத்தில் சாரற் பருவத்தில் காற்றோடு கலந்து மழை சாய்ந்து வீசும். ஆங்கு நீண்ட தாழ்வாரமின்றேல் சுவர் நனைந்து கெடும். திருவேங்கடத்துக் கரிசல் நிலமோ, மழையிற் பொங்கிக் கோடையில் வெடிப்பது. ஆங்கு அஸ்திவாரம் ஆழமின்றேல் வீடே பிளக்கும். இரண்டூர்க்கும் ஒரே வரைபடம் எடுபடுமோ? மண், காற்று, வெயில், பொருளின் வலிமை, குடியிருப்போரின் வாழ்க்கை, செலவு ஆகிய யாவையும் எடைபோட்டு முடிவு காண்பதே இக்கல்வியின் உயிர்நிலை. ஆதலின் மாணாக்கர் ஒரே வரைபடத்தை ஆசிரியரின் கண்டனத்துக்கேற்பப் பன்முறை திருத்தி வரைவர். கண்டனத்தைப் பொறுக்கும் மனமில்லாதார்க்கு இவ்வழி கடினமே.

மாணவ நண்பர்காள்! கணிதத்திற்கு அஞ்சியோ, செல்வ மோகத்தாலோ இதனைத் தேர்ந்தெடாதீர்கள். ஓய்வு நாளிலே உங்கள் ஊரின் பழைய வீடொன்றை அளந்து, அதன் திண்ணையும் முற்றமும் அவ்விடத்தமைந்த காரணத்தை வினவுங்கள். அவ்வினா உங்களை உறங்கவிடாதாயின், இத்தொழில் உங்களை அழைக்கின்றதென்று துணிந்து கொள்ளலாம்.