கேக்குக்குள் ஒளிந்திருந்த ‘சரக்கு’! குடியை விட்டவருக்கு வந்த சோதனை!

சென்னை, டிச.–

குடியை விட்டு 8 மாதம் ஆன ஒருவர், போன கிறிஸ்துமசுக்கு மறுநாள் மூன்று துண்டு கேக் சாப்பிட்டார். கால் மணி நேரத்தில் முகம் செக்கச் சிவந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வாந்தி எடுத்தார். தலை சுற்றி அப்படியே சுவரோரம் உட்கார்ந்து விட்டார்.

வீட்டில் இருந்தவர்களுக்கு முதலில் வந்த சந்தேகம் என்ன தெரியுமா?

“மறுபடியும் குடிச்சிட்டு வந்துட்டார்!”

அவரோ ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. குடித்திருந்தது கேக்!

இது பற்றிய விவரம் வருமாறு:-

அவர் பெரம்பூர்க்காரர். வயது 50-ஐத் தாண்டியவர். ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை நிறுத்தியவர். தினமும் காலையில் அவருக்கு ஒரு மாத்திரை. அதைச் சாப்பிட்டு விட்டுக் குடித்தால் உடம்பு தாங்காது. அந்தப் பயமே அவரைக் கடைப் பக்கம் போகாமல் காத்து வந்தது.

பக்கத்து வீட்டம்மா வருடா வருடம் கேக் செய்து தெருவுக்கே கொடுப்பவர். திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் அக்டோபர் மாதமே ரம்மில் ஊறப் போட்டு விடுவார். கேக் வெந்த பிறகும் ஊசியால் குத்திக் குத்தி மேலே ரம் ஊற்றி வைப்பார். ஆசையாகச் செய்த கேக். ஆசையாகக் கொடுத்தனுப்பிய தட்டு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிடுகிற சங்கதி அவருக்கு எப்படித் தெரியும்?

“என்னங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே!” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “சத்தியமா தொடலைம்மா” என்றார் கணவர். மகன் நம்பவில்லை. அப்பாவின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். பீரோவுக்குப் பின்னால் பாட்டில் இருக்கிறதா என்று தேடினான்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?” என்பதுதான்.

இட்லி... டீ... அப்புறம் கேக்.

மர்மம் துலங்கி விட்டது!

அவர் நமது நிருபரிடம் சொன்னது இது:-

“உடம்பு அன்னிக்கு ராத்திரியே சரியாயிடுச்சு சார். ஆனா புள்ள என் பாக்கெட்டைத் தடவினான் பாருங்க... அதுதான் இன்னும் ஆறலை.”

மாத்திரை என்ன செய்கிறது?

அந்த மாத்திரையின் பெயர் டைசல்ஃபிரம். மது உள்ளே போனால் கல்லீரல் அதை முதலில் ‘அசிட்டால்டிஹைடு’ என்ற விஷப் பொருளாக மாற்றும். பிறகு அதையும் உடைத்து வெளியே தள்ளி விடும். இந்த இரண்டாவது வேலையை மாத்திரை தடுத்து விடுகிறது. விஷம் ரத்தத்தில் தேங்குகிறது. அதனால்தான் முகம் சிவப்பது, படபடப்பு, வாந்தி எல்லாம்.

மாத்திரையை நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை இந்தக் குணம் உடம்பில் இருக்கும். ஆகவே கேக் மட்டுமல்ல; சாராயச் சத்து உள்ள இருமல் மருந்து, மது சேர்த்த சாஸ் எல்லாவற்றிலும் உஷாராக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். புருஷனுக்குத் தெரியாமல் இந்த மாத்திரையைச் சாம்பாரில் கரைத்துக் கொடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். கஷ்டம் புரிகிறது. ஆனால் இது ஆபத்தான வேலை. விஷயம் தெரியாத மனிதர் வெளியே போய்க் குடித்தால் உயிருக்கே உலை வைத்து விடும். டாக்டர் சொல்லி, அவருக்கும் தெரிந்து, அவர் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும்.

அடுப்பில் வெந்தால் போயிடுமா?

“வேகும்போது எல்லாம் ஆவியாகிப் போயிடும்பா, வாசனை மட்டும்தான் நிக்கும்!”

சமையல்காரர்கள் முதல் சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் வரை எல்லோரும் சொல்கிற வசனம் இது. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். சாராயம் 78 டிகிரியிலேயே கொதித்து விடும். ஆகவே முதலில் அதுதான் ஓடிப் போகும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

கணக்கு தப்பு! தண்ணீரோடு கலந்த சாராயம் அவ்வளவு சுலபமாகப் பிரிந்து போகாது.

1992-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சமைத்த உணவுகளையே சோதனை செய்து பார்த்தார்கள். அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்டுள்ள பட்டியலில் உள்ள விவரம்:-

கொதிக்கும் குழம்பில் மதுவை ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீதம் அப்படியே இருக்கும்.

மேலே ஊற்றி நெருப்பு வைத்துக் காட்டுகிறார்களே, அதில் 75 சதவீதம் மிச்சம்.

சூடே காட்டாமல் ஒரு ராத்திரி வைத்தால் 70 சதவீதம்.

கலந்து கால் மணி நேரம் கொதிக்க விட்டால் 40 சதவீதம். ஒரு மணி நேரம் என்றால் 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் கொதித்த பிறகும் 5 சதவீதம் உட்கார்ந்திருக்கும்!

பெரம்பூர் கேக்குக்கு வருவோம். மாவில் கலந்த ரம்மாவது அடுப்பைப் பார்த்தது. வெந்த பிறகு மேலே ஊற்றிய ரம் அடுப்பையே பார்க்கவில்லை!

கொதிப்பதில் அல்ல, கேட்பதில் இருக்கிறது

குடியை விட்டவர்கள் மட்டும் அல்ல. மதக் கட்டுப்பாட்டால் மதுவைத் தொடாதவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் என்று பல பேருக்கு இது விஷயம். ஒருவர் வேண்டாம் என்று வைத்திருப்பதை அவருக்குத் தெரியாமல் ஊட்டுவது என்ன நியாயம்?

2021-ல் கோயம்புத்தூரில் ஐஸ்கிரீமில் மது கலந்து விற்றதாகப் புகார் கிளம்பி, அதிகாரிகள் வந்து ஒரு கடையை இழுத்துப் பூட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அப்படியானால் ரம் இல்லாமல் கேக் ருசிக்குமா? தாராளமாக ருசிக்கும்! கேக்கில் ரம்முக்கு என்ன வேலை என்று தெரிந்து கொண்டால் போதும். ஒன்று, காய்ந்த பழத்தை ஊறி உப்ப வைப்பது. இரண்டு, வாசனையைத் தூக்கிக் கொடுப்பது. மூன்று, நாக்கில் லேசான கசப்பும் காரமும் தருவது. நான்கு, கெட்டுப் போகாமல் காப்பது. முதல் மூன்று வேலைக்கும் வேறு ஆள் இருக்கிறது!

ரம்முக்குப் பதில் டீ!

உலர் பழம் அரை கிலோவுக்கு ஆரஞ்சுச் சாறு 200 மில்லி, பால் சேர்க்காத கெட்டி டீ டிகாக்‌ஷன் 100 மில்லி. பழத்தோடு சேர்த்துச் சின்னத் தீயில் 10 நிமிடம் வைத்து இறக்கி, ஆறியதும் ஃப்ரிஜ்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பழம் கொழுகொழுவென்று நிற்கும். சாறு புளிப்பையும், டீ லேசான துவர்ப்பையும் தரும். கறுப்புத் திராட்சைச் சாறும் போடலாம். சாறு இனிப்பானது, ஆகையால் சர்க்கரையில் இரண்டு கரண்டி குறைத்துக் கொள்ளுங்கள்.

கசப்புக்கும் நிறத்துக்கும் கருக்கிய சர்க்கரை. 100 கிராம் சர்க்கரையைக் கரும்பழுப்பாகும் வரை காய்ச்சி, அரை டம்ளர் வெந்நீரை ஓரமாகப் பார்த்து ஊற்ற வேண்டும். தெறிக்கும், ஜாக்கிரதை! பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்குப் பொடியை வெண்ணெயோடு சேர்த்துக் குழைத்தால் வாசனை தெருமுனைக்கு வரும்.

நாலாவது வேலைக்கு மட்டும் மாற்று ஆள் கிடையாது. ரம்மில் ஊறிய பழம் மாதக்கணக்கில் இருக்கும். சாற்றில் ஊறியது ஓரிரு நாள்தான். அதையும் வெளியில் வைத்தால் தானே புளித்துப் பொங்கி, எதை வேண்டாம் என்றோமோ அதுவே உள்ளே உற்பத்தியாகி விடும்! இந்தக் கேக்கை ஃப்ரிஜ்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தின்று முடித்து விடுவது நல்லது.

கேக்கில் மாற்றுச் சரக்கு போடுவது புதுசும் இல்லை. கேரளத்துத் தலைச்சேரியில் 1883-ல் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரருக்குக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார். துரை சொன்னது பிரெஞ்சு பிராந்தி. பாபு போட்டது முந்திரிப் பழத்திலும் கதலிப் பழத்திலும் ஊறிய உள்ளூர்ச் சரக்கு! துரை சபாஷ் போட்டாராம். அன்றைக்குச் சரக்குக்குப் பதில் சரக்கு. இன்றைக்குச் சரக்குக்குப் பதில் சாறு. அவ்வளவுதான்.

கள் போன பிறகும் ஆப்பம் இருக்கிறது

இதற்கு நம் வீட்டு அடுப்பிலேயே சாட்சி உண்டு. ஆப்பம்! ஒரு காலத்தில் ஆப்ப மாவைப் பொங்க வைத்தது கள். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. ஆப்பம் நின்று போயிற்றா? இல்லையே!

இளநீரில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு ராத்திரி முழுக்க வைத்து மாவில் கலக்கிறார்கள். சிலர் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போடுகிறார்கள். இதிலும் மாவு பொங்கும்போது துளி சாராயச் சத்து உண்டாகத்தான் செய்யும். அதுவும் வேண்டாம் என்கிறவர்கள் தேங்காய்ப் பாலும் ஆப்ப சோடாவும் கலந்து உடனே ஊற்றிக் கொள்ளலாம். ஓரம் மொறுமொறு, நடு மெத்து!

மேல்நாட்டுச் சமையலுக்கும் இதே வழிதான். வெள்ளை ஒயின் கேட்டால் காய்கறி வேகவைத்த தண்ணீரும் எலுமிச்சையும். சிவப்பு ஒயின் கேட்டால் திராட்சைச் சாற்றில் கொஞ்சம் எலுமிச்சை. பீர் ஊற்றிக் கரைக்கும் பஜ்ஜி மாவுக்குச் சாதா சோடா போதும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்

எசன்ஸ் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். வெனிலா, ரம் எசன்ஸ் சிலவற்றில் சாராயச் சத்தில்தான் வாசனை கரைக்கப்பட்டிருக்கும். ‘ஆல்கஹால் இல்லாத பீர்’ என்று விற்பதிலும் அரை சதவீதம் வரை இருக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

பேக்கரியில் கேக் வாங்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணே, இதுல ரம் இருக்கா?” கடைக்காரர்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால் செலவு ஒன்றும் ஆகி விடாது.

இந்த வருடம் என்ன?

பெரம்பூரில் அதே தெரு. அதே பக்கத்து வீட்டம்மா. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லையாம். இந்த வருடம் ரம் பாட்டிலே வாங்கவில்லை. ஆரஞ்சும் டீயும்தான்.

“ரெண்டு விதமா செஞ்சா தட்டு மாறிப் போயிடும் தம்பி. அதான் தெருவுக்கே ஒரே கேக்” என்கிறார் அந்த அம்மா.

சோதனைக்காகச் செய்த முதல் கேக்கில் ஒரு துண்டு அந்த வீட்டுக்கு வந்தது. தட்டை வாங்கியது மகன். முகர்ந்து பார்த்தான். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தான். பிறகு அப்பாவிடம் நீட்டினான்.

“சாப்பிடுப்பா. நான் பார்த்துட்டேன்.”