ஆடு புலி ஆட்டம்: ஒரு காயைக்கூட வெட்ட முடியாத ஆடு ஜெயிப்பது எப்படி? கம்ப்யூட்டரையும் குழப்பும் கணக்கு!

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் என்றாலே பலருக்கும் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்த மலையடிவாரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கு. அடிவாரம் முழுக்க ஆடு, மாடு மேய்ச்சல். அதே மாவட்டத்தில் இருக்கும் மேகமலை, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் வருகிறது. அதாவது இங்கே ஆடும் நிஜம், புலியும் நிஜம்.

இந்த இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் கொண்டு வந்த விளையாட்டுதான் ஆடு புலி ஆட்டம். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கோடு கிழித்து ஆடியது, இப்போ செல்போன் ஆப்பாகவும் வந்தாச்சு. கல்லும் புளியங்கொட்டையும் வைத்து ஆடிய ஆட்டத்தை கம்ப்யூட்டர் எப்படி ஆடுது? இதில் நாம் எதைத் தொலைக்கிறோம்? பார்க்கலாம்.

கட்டம் எப்படி இருக்கும்?

மேலே ஒரு உச்சிப் புள்ளி. அங்கிருந்து கீழே விரிந்து வரும் 4 கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டும் 3 கோடுகள் இரண்டு பக்கமும் நீண்டு போகும். ஒரு குறுக்குக் கோட்டில் 6 புள்ளி வீதம் 18, அடிக்கோட்டில் 4, உச்சியில் 1. மொத்தம் 23 புள்ளிகள்.

பரவலாக ஆடும் முறையில் புலி 3, ஆடு 15. ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்கணும். 15 ஆடும் இறங்குகிற வரை, ஏற்கெனவே இறக்கிய ஆட்டை நகர்த்த முடியாது. ஆனா புலி அதுக்கு முன்னாடியே நடமாட ஆரம்பிச்சிடும்.

யார் எப்படி ஜெயிப்பாங்க?

இங்கதான் விஷயமே இருக்கு. செஸ்ஸில் இரண்டு பேரும் எதிராளியின் காயை வெட்டலாம். செக்கர்ஸிலும் அப்படித்தான். ஆடு புலியில் வெட்டும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்.

புலிக்குப் பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டிவிடும். ஆட்டால் புலியைத் தொடவே முடியாது. ஆட்டுக்கு ஒரே வழி, மூன்று புலிகளும் நகர இடமில்லாமல் சுற்றி அடைப்பது.

தனியாக நிற்கும் ஆடு காலி. அதே கோட்டில் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியால் குதிக்க முடியாது. ஓரப் புள்ளிகளில் புலி தாண்டி வர வழிகளும் குறைவு. அதனால்தான் அனுபவசாலிகள் ஓரத்திலிருந்து ஆடுகளை இறக்கி, ஒன்றுக்கொன்று துணையாக உள்ளே நகர்த்துவார்கள். ஒரு ஆடு அவசரப்பட்டு முன்னாடி போனா, அதோட கதை முடிஞ்சது.

கம்ப்யூட்டர் இதை எப்படி ஆடுது?

‘நான் இங்கே வெச்சா அவர் எங்கே வெப்பார், அதுக்கு நான் என்ன செய்வேன்’ என்று நாம் மனசுக்குள் யோசிப்போம் இல்லையா? கம்ப்யூட்டரும் அதையேதான் செய்யுது. சாத்தியமான நகர்த்தல்களை எல்லாம் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு மார்க் போட்டு, அதிக மார்க் வரும் வழியை எடுக்கும். ஆப்பில் ‘ஈஸி’, ‘ஹார்டு’ என்று இருப்பதன் வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்: எத்தனை நகர்த்தல் முன்னாடி பார்க்குது என்பது.

சிக்கல் அந்த மார்க்கில்தான் இருக்கு. செஸ், செக்கர்ஸ் மாதிரி ஆட்டங்களில் ‘யாரிடம் எத்தனை காய் மிச்சம்’ என்று எண்ணினாலே ஓரளவு நிலவரம் புரிந்துவிடும். அதே கணக்கை ஆடு புலிக்குப் போட்டால் புலி பக்கம் கம்ப்யூட்டர் நன்றாக ஆடும், ஆடு பக்கம் சொதப்பும். காரணம், ஆடு எவ்வளவு நன்றாக ஆடினாலும் புலியின் எண்ணிக்கை மூன்றிலிருந்து குறையவே குறையாது. ‘ஜெயிச்சுட்டு வர்றோம்’ என்பதே அந்தக் கணக்கில் தெரியாது.

அதனால் நல்ல புரோகிராமில் வேறொன்றையும் எண்ணணும்: புலிக்கு நகர இன்னும் எத்தனை வழி திறந்திருக்கு? அது குறையக் குறைய ஆட்டுக்கு மார்க் ஏறணும். ஆட்டின் பலம் வெட்டிய காயில் இல்லை, அடைத்த வழியில் இருக்கு. பெரியவர்களுக்குப் பழக்கத்தில் தெரிந்ததை புரோகிராம் எழுதுபவர் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கு.

அதுசரி, ஷேர்வேர் என்றால் என்ன?

ப்ளே ஸ்டோர் வருவதற்கு ரொம்ப முன்னாடியே கம்ப்யூட்டரில் செஸ், செக்கர்ஸ் போன்ற காய் வெட்டும் ஆட்டங்கள் பல ‘ஷேர்வேர்’ முறையில் பரவின. ‘முதலில் ஆடிப் பாருங்க, பிடிச்சா பணம் அனுப்புங்க, நண்பருக்கும் காப்பி கொடுங்க’ என்பதுதான் அதன் அடிப்படை. அமெரிக்காவில் 1982-ல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மேன், ஜிம் நாஃப் ஆகியோர் தங்கள் மென்பொருள்களை இப்படிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நம்ம ஊருக்கு இவை பிளாப்பி டிஸ்க்கிலும், கம்ப்யூட்டர் இதழ்களோடு இலவசமாக வந்த சிடியிலும் வந்து சேர்ந்தன. சிலவற்றில் 30 நாள் மட்டும் ஆடலாம், சிலவற்றில் ஈஸி லெவல் மட்டும் திறந்திருக்கும்.

இன்றைய ‘இலவச’ ஆப்களும் இதன் வாரிசுகள்தான். வித்தியாசம், அன்று பணம் கேட்டது நேரடியாக. இன்று விளம்பரமாகவும், ஆப்புக்குள்ளே வாங்கச் சொல்லும் பொருளாகவும் வருது. குழந்தைக்கு டவுன்லோடு செய்து கொடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்க. நெட் இல்லாமலும் ஆடுதா? கான்டாக்ட், லொக்கேஷன் அனுமதி கேட்குதா? ஒரு கட்டமும் 18 காயும் உள்ள ஆட்டத்துக்கு உங்க போன் நம்பர் பட்டியல் தேவையே இல்லை.

கடைசியில் ஜெயிப்பது புலியா, ஆடா?

இரண்டு பேரும் தப்பே செய்யாமல் ஆடினால் யார் ஜெயிப்பார்? இதைக் கண்டுபிடிப்பதை ஆட்டத்தைத் ‘தீர்ப்பது’ என்பார்கள். செக்கர்ஸை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் ஷேஃபர் குழு 2007-ல் தீர்த்தது. அந்த ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகள் 5-க்குப் பின்னால் 20 பூஜ்யம் போடும் அளவு. 1989-ல் தொடங்கிய வேலை அது. விடை: டிரா.

ஆடு புலியின் நேபாள உறவு ‘பாக்-சால்’. 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற ஆய்வாளர்கள் அதையும் கம்ப்யூட்டரில் தீர்த்தார்கள். விடை: அதுவும் டிராதான்.

நம்ம கட்டத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 23 புள்ளியில் 3 புலியை வைக்க 1,771 வழி. மிச்சம் 20 புள்ளியில் 15 ஆட்டையும் வைக்க 15,504 வழி. இரண்டையும் பெருக்கினால் சுமார் 2.7 கோடி நிலைகள். ஆடுகள் வெட்டுப்பட்டு எண்ணிக்கை குறையும் நிலைகளையும் சேர்த்தால் சுமார் 184 கோடி. ஆடுகளை இறக்கும் கட்டத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். செக்கர்ஸோடு ஒப்பிட்டால் இது ரொம்பச் சின்னது.

அப்போ எளிதாக முடிவு சொல்லிடலாமே? முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேணும்.

எந்த ஊர் ரூல்?

ஆந்திரா, கர்நாடகத்திலும் இந்த ஆட்டம் வேறு பெயர்களில் இருக்கு. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ரூல் மாறலாம். புலிகளை எங்கே வைத்துத் தொடங்குவது? வெட்ட வாய்ப்பு இருந்தா புலி கட்டாயம் வெட்டணுமா, விட்டுடலாமா? ஒரே முறையில் இரண்டு ஆட்டைத் தாண்டலாமா? எத்தனை ஆடு போனா ஆட்டம் முடிஞ்சது? ஒரே நகர்த்தல் திரும்பத் திரும்ப வந்தா என்ன?

இதில் ஒன்று மாறினாலும் விடை மாறலாம். உதாரணமா, வெட்டியே ஆகணும் என்றால் ஒரு ஆட்டைப் பலி கொடுத்து புலியை மூலைக்கு இழுக்கலாம். விட்டுடலாம் என்றால் அந்த வித்தையே வேலைக்கு ஆகாது.

திண்ணையில் இதற்கெல்லாம் ‘எங்க ஊர்ல இப்படித்தான்’ என்று ஒரு வார்த்தை போதும். கம்ப்யூட்டருக்கு அது புரியாது. புரோகிராம் எழுதுபவர் ஏதாவது ஒரு ரூலைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். செல்போனில் முதல்முறை கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அந்த ஒரு ரூல்தான் ‘ஆடு புலி ஆட்டம்’ ஆகிவிடும். கல்லில் கீறிய கட்டம் பல கோயில்களில் இன்னும் அப்படியே இருக்கு. ஆனால் அதன் மேல் எப்படி ஆடினார்கள் என்பது கல்லில் இல்லை, ஆடியவர்கள் நினைவில்தான் இருக்கு.

நீங்க என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாத்தா, அப்பத்தாவோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் போடுங்க. மேலே இருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்க. போனில் கட்டத்தை போட்டோ எடுத்து, ஆடுவதை வீடியோவும் எடுங்க. நாளைக்கு யாராவது ஆப் எழுதும்போது ‘ரூல்’ என்ற இடத்தில் உங்க ஊர்ப் பெயரையும் சேர்க்க அது போதும்.