சீசன் வந்தது, டிஸ்க் போனது

போன செமஸ்டர் எக்ஸாம் முடியுற சமயம். எங்க ஹாஸ்டல் ரூம்ல நாலு பேரும் சேர்ந்து 'தி ஆபீஸ்' பார்த்துட்டு இருந்தோம், அமெரிக்க வெர்ஷன். ஏழாவது சீசன்ல பாதி தாண்டியாச்சு. மேனேஜர் மைக்கேல் ஸ்காட் கம்பெனியை விட்டுப் போகப்போற கட்டம். ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து ஆப்பைத் திறந்தா, ஷோவையே காணோம்! கட்டின சந்தாவுக்கு இன்னும் எட்டு மாசம் பாக்கி இருக்கு. ஷோ மட்டும் கிளம்பிப் போயிருச்சு.

லீவுக்கு சங்கரன்கோவில் வந்ததும் மாமாகிட்ட இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் பல வருஷம் சிடி கடை வச்சிருந்தவர். இப்போ அதே கடையில ரீசார்ஜும் மொபைல் கவரும் விக்கிறார். முழுசாக் கேட்டுட்டு மாமா சொன்னது: "ஏல மருமவனே, நீ சொல்லுத அந்தப் பொட்டி நம்ம பரண்ல கெடக்குல்லா!"

ஏறிப் பார்த்தா நிஜமாவே இருந்தது. அட்டை மங்கிப்போன டிவிடி பெட்டி. ஏழாவது சீசன், முழுசா. அமெரிக்காவுல இருந்து ஆடித்தபசுக்கு வந்த ஒரு கஸ்டமர், "இங்க பிளேயர்ல ஓடவே மாட்டேங்குது, நீங்களே வச்சுக்கோங்க"ன்னு குடுத்துட்டுப் போனதாம். அந்த வாரம்தான் மாமா பரணைக் காலி பண்ணி எல்லா டிஸ்க்கையும் பழைய இரும்புக் கடைக்குப் போடப்போறதா இருந்தார். எடைக்குப் போயிருக்க வேண்டிய அந்தப் பெட்டிக்குள்ள எவ்வளவு இன்ஜினியரிங் இருக்குன்னு சொல்றதுதான் இந்தக் கட்டுரை.

எத்தனை டிஸ்க் வேணும்? ஒரு சின்னக் கணக்கு

'தி ஆபீஸ்' 2005 முதல் 2013 வரை 9 சீசன் ஓடிச்சு. மொத்தம் 201 எபிசோடு. ஏழாவது சீசன்ல மட்டும் அரைமணி நேரக் கணக்குல 26 எபிசோடு. விளம்பரம் போக ஒரு எபிசோடு சுமார் 22 நிமிஷம். 26 × 22 = 572 நிமிஷம்.

ரெண்டு லேயர் உள்ள டிவிடியோட கொள்ளளவு 8.5 ஜிபி, அதாவது 68,000 மெகாபிட். எம்பெக்-2 வீடியோவுக்கு நொடிக்கு 5 மெகாபிட், ஆடியோவுக்கு 0.4 மெகாபிட்னு வச்சுக்குவோம். 68,000-ஐ 5.4-ஆல வகுத்தா 12,592 நொடி வரும். அது கிட்டத்தட்ட 210 நிமிஷம், 9 எபிசோடு. அப்போ 26 எபிசோடுக்கு 3 டிஸ்க் போதும். ஆனா வெட்டின காட்சிகள், எழுத்தாளர்களும் நடிகர்களும் பேசுற கமெண்டரி எல்லாம் சேரும்போது டிஸ்க் கூடும். பிட்ரேட்டைக் குறைச்சா டிஸ்க் மிச்சம், ஆனா படம் கட்டம் கட்டமா உடையும். சீசன் பெட்டி தயாரிக்கிறவங்க போடுற முதல் கணக்கு இதுதான்.

இதோட நம்ம ஊர் விசிடியை ஒப்பிட்டுப் பாருங்க. எம்பெக்-1, 352 × 288 பிக்சல், ஒரு டிஸ்க்ல 74 முதல் 80 நிமிஷம்தான். அதனாலதான் ஒரு தமிழ்ப் படத்துக்கு ரெண்டு, மூணு சிடி வந்துச்சு. சுவாரசியமான இடத்துல எழுந்து போய் சிடி மாத்தின ஞாபகம் நம்ம அண்ணன், அக்காமாருக்கு இருக்கும்.

அந்தக் கஸ்டமருக்கு ஏன் ஓடலை?

டிவிடியில ரீஜன் கோடுன்னு ஒண்ணு உண்டு. உலகத்தை வட்டாரம் வட்டாரமா பிரிச்சு, ஒரு வட்டாரத்து டிஸ்க் இன்னொரு வட்டாரத்து பிளேயர்ல ஓடாதபடி பூட்டு போட்டாங்க. அமெரிக்கா ரீஜன் 1. இந்தியா ரீஜன் 5. டிஸ்க்ல எந்தப் பழுதும் இல்லை. பிளேயர்லயும் இல்லை. ஒவ்வொரு நாட்டுலயும் வேற வேற தேதியில, வேற வேற விலைக்கு விக்கிறதுக்காக வேணும்னே வச்ச பூட்டு அது. கம்ப்யூட்டர் டிரைவுல ரீஜனை மாத்தலாம், ஆனா பொதுவா 5 தடவைதான். அஞ்சாவது தடவை எதை வைக்கிறமோ அதோட டிரைவ் நின்னுரும்.

இன்னைக்கு ஆப்புல "இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது"ன்னு வருதுல்ல? அதே பூட்டுதான். அன்னைக்கு டிஸ்க்ல இருந்துச்சு, இன்னைக்கு சர்வர்ல இருக்கு. நல்லவேளையா மாமாவோட பழைய பிளேயர் எல்லா ரீஜனையும் எடுக்குற ரகம். மொத டிஸ்க்கைப் போட்டதும் டண்டர் மிஃப்ளின் பேப்பர் கம்பெனி டிவியில வந்துருச்சு.

ஹீரோ போனா ஆபீஸ் என்னாகும்?

இந்த சீசன் ஏன் முக்கியம்? இதுலதான் மைக்கேல் ஸ்காட்டா நடிச்ச ஸ்டீவ் கேரல் விடைபெறுறார். அந்த எபிசோடு 2011 ஏப்ரல்ல ஒளிபரப்பாச்சு. ஆனா ஷோ அதோட நிக்கலை. இன்னும் ரெண்டு சீசன் ஓடி 2013 மே மாசம் முடிஞ்சது. இதோட மூலமான பிரிட்டிஷ் 'தி ஆபீஸ்' 12 எபிசோடு, கடைசியா கிறிஸ்துமஸ் ஸ்பெஷல், அவ்வளவுதான். 2001-ல ஆரம்பிச்சு 2003-ல முடிச்சுட்டாங்க.

ஆபீஸ் காமெடிக்கு ஒரு வசதி உண்டு. குடும்ப சீரியல்ல அப்பா கேரக்டர் போயிட்டா கதையே ஆட்டம் காணும். ஆபீஸ்ல மேனேஜர் டிரான்ஸ்ஃபர் ஆகுறது தினம் நடக்குற விஷயம். புது ஆள் வருவார், அதே நாற்காலி, அதே டீ, அதே சண்டை. ஆனா உட்கார்ந்து வரிசையா பார்த்தாதான் அந்த வித்தியாசம் தெரியும். மைக்கேல் போனதுக்கு அப்புறம் வர்ற எபிசோடுகள்ல எல்லாரும் அதே ஜோக்கைத்தான் அடிக்கிறாங்க, ஆனா அதைக் கெடுக்க ஆள் இல்லை. பின் சீசன்களை "டல்"னு சொல்றவங்க உண்டு. எனக்கு அது ஒருத்தர் ரிட்டயர் ஆன அடுத்த வாரத்து ஆபீஸ் மாதிரியே இருந்துச்சு. மாமாவும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தார். இங்கிலீஷ் பாதிதான் புரிஞ்சிருக்கும். "மொதலாளி போன அன்னிக்கு எல்லாரும் சும்மா இருந்தானுவ பாரு, அதான்டா நெசம்" என்றார்.

ஆப்புல கிடைக்காதது

பெட்டியில நான் எதிர்பார்க்காத விஷயம் வெட்டின காட்சிகள். 22 நிமிஷ எபிசோடுக்கு அதைவிட ரொம்ப அதிகமா படம் பிடிக்கிறாங்க. நேரத்துக்காக வெட்டினதை எல்லாம் டிஸ்க்ல தனியா சேர்த்தாங்க. அமெரிக்காவுல 2020 கடைசியோட நெட்ஃபிளிக்ஸை விட்டு இந்த ஷோ பீகாக் ஆப்புக்குப் போச்சு. அங்க 2021-ல இருந்து வெட்டின காட்சிகளைச் சேர்த்த நீளமான எபிசோடுகளை 'சூப்பர்ஃபேன்' பேர்ல வெளியிட்டாங்க. டிஸ்க் வாங்கினவங்க இந்த மாதிரி காட்சிகளைப் பல வருஷம் முன்னாடியே பார்த்தாச்சு.

ரெண்டாவது விஷயம், ஆப்புல இருக்குறது மாறலாம். ஒன்பதாவது சீசன்ல ஒரு கிறிஸ்துமஸ் எபிசோடு. அதுல முகத்துல கறுப்பு பூசி வர்ற ஒரு காட்சியை 2020-ல ஸ்ட்ரீமிங்ல இருந்து எடுத்துட்டாங்க. எடுத்தது நியாயம்தான்னு எனக்குத் தோணுது. ஆனா முதல்ல எப்படி வந்துச்சு, எது மாறுச்சுன்னு ஒப்பிட்டுப் பார்க்கணும்னா பழைய டிஸ்க்தான் சாட்சி.

டிஸ்க்கும் எல்லா நேரமும் முழுசா வராது, அதையும் சொல்லணும். 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' 1978 முதல் 1982 வரை வந்த அமெரிக்க காமெடி. ரேடியோ ஸ்டேஷன்தான் ஆபீஸ். அதனால எபிசோடு முழுக்க நிஜப் பாட்டுகள். ஒளிபரப்புக்கு வாங்கின உரிமை வீடியோ விற்பனைக்குச் செல்லாது. அதனால 2007-ல முதல் சீசன் டிவிடி வந்தப்போ நிறைய பாட்டை எடுத்துட்டு வேற இசையை ஒட்டினாங்க. 2014-ல வேற ஒரு நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளுக்குத் திரும்ப உரிமை வாங்கி முழுத் தொகுப்பை வெளியிட்டுச்சு. காமெடி காட்சின்னா பின்னாடி ஒரு சினிமா பாட்டு பிட்டு ஓடுற நம்ம டிவி நிகழ்ச்சிகளை நினைச்சுப் பாருங்க. அதை டிஸ்க்ல போடணும்னா எத்தனை பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும்!

நமக்கு ஏன் இப்படி ஒரு பெட்டி வரலை?

மாமா கடையில சினிமா டிஸ்க் மலையா குவிஞ்சிருந்த காலம் ஒண்ணு உண்டு. தமிழ்நாட்டுல 2004-ல திருட்டு விசிடி தொழிலைக் குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அப்புறம் மோசர் பேர் நிறுவனம் இறங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்னு ஒரிஜினலையே விக்க ஆரம்பிச்சது. திருட்டு டிஸ்க் விலைக்கே ஒரிஜினல். "அப்பதான்ல நான் கடையில தைரியமா உக்காந்து யாவாரம் பாத்தேன்" என்பார் மாமா.

ஆனா அந்தக் காலத்துல நம்ம டிவியில "சீசன்" பெரும்பாலும் கிடையாது. விஜய் டிவியில 2013 முதல் 2015 வரை 'ஆபீஸ்'னு ஒரு சீரியல் வந்துச்சு, ஐடி கம்பெனியில நடக்குற கதை. நம்ம செட்டுல பல பேர் ஸ்கூல் ஹோம்வொர்க்கை ஓரங்கட்டிட்டுப் பார்த்தது. வாரம் 5 எபிசோடு ஓடுற எந்த சீரியலும் ரெண்டு வருஷத்துல 520 எபிசோடைத் தொடும். 520 × 22 = 11,440 நிமிஷம். மேல போட்ட அதே கணக்குல வகுத்தா 55 டிஸ்க்! ஒண்ணு 34 ரூபாய்னாலும் 1,870 ரூபாய். அதை யார் வாங்குவா, மாமா எந்த அலமாரியில அடுக்குவார்? சீசன்ங்கிறது கதையை நிறுத்துற இடம் மட்டும் இல்லை, பொட்டலம் கட்டுற அளவும்தான். 26 எபிசோடு பெட்டிக்குள்ள அடங்கும், 520 அடங்காது.

இப்போ நமக்கும் சீசன் வந்தாச்சு. ஆஸ்பத்திரியில நடக்குற 'ஹார்ட் பீட்' 2024-ல வந்து, 2025-ல ரெண்டாவது சீசனும் வந்துருச்சு. அதே 2025-ல கிராமத்து அரசாங்க அலுவலகத்தை வச்சு 'ஆபீஸ்'னு இன்னொரு தொடரும் ஓடிடியில வந்துச்சு. ஆனா டிஸ்க் போயிருச்சு. மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி 2018-ல உத்தரவே வந்தாச்சு. டிஸ்க் இருந்தப்போ சீசன் இல்லை, சீசன் வந்தப்போ டிஸ்க் இல்லை. ஆப் ஒருநாள் எடுத்துட்டா, நம்ம ஊர் பேச்சுல வந்த அந்த ஆபீஸ் காமெடியை எந்தப் பரண்ல தேடுறது?

கடைசியா ஒரு வேலை

அதே பரண்ல எங்க அக்காவோட சடங்கு வீடியோ டிவிடியும் இருந்துச்சு. அதைப் போட்டா "நோ டிஸ்க்". அமெரிக்கப் பெட்டி ஓடுது, எங்க வீட்டு விசேஷம் ஓடலை. காரணம் எளிது. கம்பெனி டிஸ்க்ல தகவல் பிளாஸ்டிக்ல பள்ளமா அச்சடிச்சிருக்கும். கடையில ரைட் பண்ணின டிஸ்க்ல அது ஒரு சாயப் பூச்சுல இருக்கும். வெயிலும் பரண் சூடும் பட்டா சாயம் கெட்டுப்போகும். நம்ம ஊர் மொட்டை மாடிச் சூட்டைச் சொல்லவா வேணும்!

அதனால இந்த லீவுல ஒண்ணு செய்யுங்க. வீட்டுல ரைட் பண்ணின கல்யாண, காதுகுத்து டிஸ்க் எது இருந்தாலும் ஓடும்போதே ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுங்க, ரெண்டு இடத்துல வைங்க. துடைக்கும்போது வட்டமா தேய்க்காம, நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா துடைங்க. தகவல் சுழலா ஓடுறதால, குறுக்கே விழுற கீறலைப் பிழை திருத்தும் கோடு சமாளிச்சுரும். தடத்தோட கூடவே போற நீளக் கீறலைச் சமாளிக்கிறது கஷ்டம். படுக்கப்போட்டு அடுக்காம நிமிர்த்தி வைங்க.

அக்கா வீடியோவை மாமாவோட பழைய கம்ப்யூட்டர் டிரைவுல போட்டு, ராத்திரி முழுக்க திரும்பத் திரும்பப் படிக்க விட்டோம். விடியும்போது முக்கால்வாசி வந்திருந்தது. தாத்தா பந்தியில நின்னு எல்லாரையும் அதட்டிப் பரிமாற வைக்கிற இடமும் அதுல இருந்துச்சு. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. மாமா அதை ரெண்டு தடவை பார்த்தார்.

பழைய இரும்புக் கடைக்காரர் சாயங்காலம் வந்தார். மாமா அவருக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டார்.