வைரஸின் பெயர் இருக்கட்டும்... குழந்தையின் மூச்சை எண்ணினீர்களா?

2025 ஜனவரியில் பெங்களூரில் 2 கைக்குழந்தைகளுக்கும், சென்னை, சேலத்தில் தலா ஒருவருக்கும் ஹெச்.எம்.பி.வி தொற்று என்று செய்தி வந்ததும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பச்சைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இன்னொரு கொரோனாவா? இல்லை. 2001-லேயே நெதர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் இது. இதன் சொந்தக்காரனான ஆர்.எஸ்.வி, 2 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது வந்துவிடும். பெரும்பாலும் சளி, இருமலோடு ஓரிரு வாரங்களில் சரியாகிவிடும்.

ஆனாலும் அலட்சியம் கூடாது. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் ரொம்பக் குறுகலானது. லேசாக வீங்கிச் சளி அடைத்தாலே மூச்சு வாங்கும். குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை என்றால் கூடுதல் கவனம் தேவை.

செல்போனில் வைரஸைத் தேடும் நேரத்தில், அதே போனில் டைமர் வையுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 1 வயது வரை 50, 5 வயது வரை 40... இதைத் தொட்டாலே டாக்டரிடம் போய்விட வேண்டும். மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலமானாலோ உடனே 108. 'விடியட்டும்' என்று காத்திருக்காதீர்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பும் வேண்டாம். 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என 2025 அக்டோபரில் மத்திய அரசே அறிவுறுத்தியது. அப்புறம், சளி பிடித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை இருமலைக் கூட்டும். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்!