பத்தாம் வசனத்தை யாரும் எடுப்பதில்லை

டிசம்பர் 31 இரவு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபை. பன்னிரண்டு மணி அடித்து, எல்லாரும் எல்லாருக்கும் கைகொடுத்து முடித்ததும் வரிசை நகரத் தொடங்கும். பீடத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் ரோஜாவோ அருவியோ, மறுபக்கம் வசனம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வருஷம் முழுக்க அதுதான் நமக்கு.

எங்கள் அத்தை ஒருமுறை எடுத்த அட்டையைப் படித்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை. சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டி பார்த்துவிட்டார், சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவதாக வந்தது எரேமியா 29:11. தாம்பாளத்தில் எல்லாரும் ஆசைப்படுகிற அட்டை அது. கடவுள் நமக்குக் கெடுதல் நினைக்கவில்லை, நாம் காத்திருக்கும் நல்ல முடிவு வரும் என்பது அதன் சாரம். விசாவுக்குக் காத்திருப்பவருக்கும் டி.என்.பி.எஸ்.சி. எழுதியவருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதா அரசன் எகொனியாவையும் அரண்மனைக்காரர்களையும் தச்சர்களையும் கொல்லர்களையும் கொண்டுபோனான். எருசலேமில் அனனியா என்றொருவர் எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்றார். ஜனங்களுக்குக் கேட்க இனிமையாக இருந்திருக்கும். எரேமியாவும் முதலில் ‘ஆமென், அப்படியே ஆகட்டும்’ என்றுதான் சொன்னார். பாபிலோனுக்கு அடங்கச் சொல்லும் அடையாளமாக அவர் கழுத்தில் கிடந்த மர நுகத்தை அனனியா எல்லார் முன்னாலும் பிடுங்கி உடைத்தார். எரேமியா பேசாமல் போய்விட்டார்.

அதற்கடுத்த அதிகாரத்தில்தான், கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. பத்தாம் வசனம் கணக்குச் சொல்கிறது: எழுபது வருஷம். அதைக் கேட்டபோது முப்பது வயதானவர் ஊர் திரும்பப்போவதில்லை. அதன்பின் வருவதுதான் நம் பதினோராம் வசனம். அனனியாவின் இரண்டு வருஷக் கணக்குக்கு மறுப்பாக நிற்கிற கடிதத்திலிருந்து ஒரு வரியைப் பிய்த்து, அதையே ஒரு வருஷக் கணக்காக்கி நாம் தாம்பாளத்தில் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தில் கடவுள் யாருக்கும் மரியாதைப் பன்மை போடுவதில்லை. ஆபிரகாமானாலும் மோசேயானாலும் ‘நீ’தான். அங்கே ‘உங்கள்’ என்று வந்தால் எதிரே ஒரு கூட்டம் நிற்கிறது என்று அர்த்தம். இன்றைய ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரிந்தும், அட்டையில் நம் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறோம்.

வசன எண்களே பின்னால் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்றைய எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர், 1551இல். பவுலின் நிருபங்களை இப்படித் துண்டு துண்டாக அச்சடிப்பதால் ஜனங்கள் ஒவ்வொன்றையும் தனிப் பொன்மொழியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஜான் லாக் முந்நூறு வருஷத்துக்கு முன்பே அலுத்துக்கொண்டார். சீட்டெடுப்பதும் நம் கண்டுபிடிப்பல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுப்போட்டு எடுத்த தினவசனங்கள் 1731 முதல் புத்தகமாக வருகின்றன.

பிலிப்பியர் 4:13 கதையும் இதுதான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர் டிம் டீபோ 2008இல் கண்ணுக்குக் கீழே பூசிய மையில் அந்த எண்ணை எழுதிக்கொண்டு ஆடினார். எதையும் செய்ய எனக்குப் பெலன் உண்டு என்ற பொருளில் அது ஜெயிப்பதற்கான வசனமாகிவிட்டது. எழுதிய பவுலோ சிறையில் இருந்தார். அதற்கு முந்தைய வசனத்தில் அவர் பேசுவது பட்டினி கிடக்கவும் பழகிவிட்டதைப் பற்றி. தோற்றுப்போன அணியின் அறையில் எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது மிஸ்பா. பிரிந்திருக்கும் காதலர்களுக்காக விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அந்தப் பெயர் பொறித்த நகைகள் விற்றன. ஆதியாகமம் 31இல் அது மாமனார் லாபானும் மருமகன் யாக்கோபும் குவித்த கற்குவியல். நானில்லாத இடத்தில் நீ என்ன செய்கிறாய் என்று கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் பேச்சு. நம்பிக்கை துளிகூட இல்லாத இரண்டு பேர்!

இதற்காக அட்டைகளைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எரேமியாவின் ஐம்பத்திரண்டு அதிகாரம் கைகொடுக்காது, ஒரு வரிதான் கைகொடுக்கும். நான் கேட்பதெல்லாம், வீட்டுக்கு வந்தபின்னாவது அந்தப் பக்கத்தைத் திறந்து முன்னும் பின்னும் பார்க்கக்கூடாதா என்பதுதான்.

அன்று புத்தாண்டுக் காலையில் அத்தைக்கு அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன். எழுபது வருஷம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

“எனக்கு இப்பவே அறுபத்தெட்டுலே.”

கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தோட்டம் போடச் சொன்னாரே, அது எத்தனாவது வசனம்?”

“அஞ்சு, அத்தை.”

பென்சில் கேட்டாள். 11க்கு மேலே 5 என்று எழுதி, அட்டையை வேதாகமத்துக்குள் வைத்தாள்.